சர்க்கரை பாக்டீரியாவுக்குச் சாப்பாடு தானே, அதுல காம்பவுண்ட் பண்ணி பாக்டீரியாவையே கொல்றது நடக்குமா, இல்ல பேப்பர் போடத்தானா?

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு கைடு இந்த டாபிக்கை உங்க தலையில கட்டிட்டார்னு நினைக்கிறேன். நான் பிஎச்.டி. முழுக்க இதைத்தான் பண்ணேன், அதனால உங்க கேள்வியோட கடைசி பாதி சுருக்குன்னு இருந்துச்சு.

ஸ்ட்ரெப்டோமைசினே சர்க்கரை குடும்பம் தாங்க. 1943ல வாக்ஸ்மன்ங்கிற விஞ்ஞானியோட லேப்ல அவர் ஸ்டூடன்ட் ஷாட்ஸ் கண்டுபிடிச்சது, டிபிக்கு முதல்ல கிடைச்ச உருப்படியான ஆன்டிபயாடிக். ஜென்டாமைசினும் அந்த வகை தான். எரித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்ல ஒட்டியிருக்கிற டெசோசமைன்ங்கிற சர்க்கரையைக் கழட்டிட்டா அது பாக்டீரியாவோட ரைபோசோம்ல (புரோட்டீன் பண்ற இடம்) சரியா ஒட்டாது. அதனால ஐடியால தப்பில்ல, டெஸ்ட் பண்ற லட்சணத்துல தான் தப்பு.

குளுக்கோசமைன்ங்கிற சர்க்கரையையும் சாலிசிலால்டிஹைடுங்கிற ஆல்டிஹைடையும் சேர்த்து ஷிஃப் பேஸ்ங்கிற வகை காம்பவுண்ட் பண்ணியிருந்தேன். சர்க்கரை கெமிஸ்ட்ரி பண்ணவங்களுக்குத் தெரியும், பாதி நேரம் பிளாஸ்க்ல பாகு மாதிரி ஒட்டிக்கிட்டு கிறிஸ்டலே ஆகாது, கண்ணாடிக் குச்சியால சுரண்டிக்கிட்டே நிக்கணும், அசிட்டைலேட் பண்ண குளுக்கோஸ்னா டிஎல்சி பிளேட்ல (கலவையைப் புள்ளி புள்ளியாப் பிரிச்சுப் பாக்கிறது) யூவி லேம்ப்ல ஒண்ணும் தெரியாது, சல்ஃப்யூரிக் ஆசிட் தெளிச்சு ஹாட் பிளேட்ல வச்சா தான் புள்ளி கருகித் தெரியும். நம்ம ஷிஃப் பேஸ் நல்ல மஞ்சளா வந்துச்சு, சந்தோஷமா வெளில ஒரு பிரைவேட் லேபுக்கு அனுப்பினோம். கலர் போட்டோவோட ரிப்போர்ட் வந்துச்சு, சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக்குக்கு பக்கத்துல வர்ற ஆக்டிவிட்டின்னு. இந்த டெஸ்ட்ல மருந்து ஊறின குட்டி பேப்பர் டிஸ்க்கை பாக்டீரியா தடவின பிளேட்ல வைப்பாங்க, சுத்தி பாக்டீரியா வளராத வட்டத்தை அளப்பாங்க. பாத்தா எங்க டிஸ்க்ல 500 மைக்ரோகிராம், சிப்ரோ டிஸ்க்ல 5. ஒப்பிட்டுப் பாக்க, காம்பவுண்டைக் கரைக்கிற டிஎம்எஸ்ஓ மட்டும் வச்ச டிஸ்க்கே பிளேட்ல இல்ல. கேட்டா "இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்"னாங்க.

அப்புறம் மைக்ரோபயாலஜி டிபார்ட்மென்ட் அக்கா ஒருத்தங்ககிட்ட கால்ல விழாத குறையா கெஞ்சி, முல்லர் ஹின்டன் அகார்ல (பாக்டீரியா வளர்க்கிற ஜெல்லி) ஸ்டாஃபிலோகாக்கஸ் (சுருக்கமா ஸ்டாஃப்) பாக்டீரியாவைத் தடவி, டிஎம்எஸ்ஓ, குளுக்கோசமைன், சாலிசிலால்டிஹைடு, எங்க காம்பவுண்ட்னு நாலையும் தனித்தனியா வச்சோம். மறுநாள் காலைல இன்குபேட்டரைத் திறந்தா ஆல்டிஹைடு டிஸ்க்கை சுத்தியும் அதே சைஸ் வட்டம். ஷிஃப் பேஸ் தண்ணி பட்டா உடைஞ்சு ஆல்டிஹைடை விட்ரும், கொன்னது அதுவா தான் இருக்கணும், பேரு சர்க்கரைக்கு. அப்புறம் தண்ணில உடையாத டிரையசோல்ங்கிற வளையத்தைப் போட்டு சர்க்கரையை இணைச்சோம், அதுல ஸ்டாஃப்க்கு சுமாரான எம்ஐசி (வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைஞ்சபட்ச அளவு) வந்துச்சு, ஈகோலை பாக்டீரியா கிட்ட ஒண்ணும் பலிக்கல, அதுக்கு வெளில ஒரு மெம்பிரேன் கூடுதலா இருக்கு. அப்படியே தீசிஸ்ல எழுதினேன்.

உடனே "அப்போ வேஸ்ட் தானே"ன்னு கமெண்ட்ல வராதீங்க, சுமார்னு தெரிஞ்சதும் ரிசல்ட் தான். நான் எல்லா லேபையும் திட்டல, நல்லா பண்றவங்களும் இருக்காங்க. இன்னொண்ணு, கொழுப்புல கரையுற காம்பவுண்ட் அகார்ல சரியா பரவாது, அதனால வட்டம் சின்னதா இருக்கேன்னு தூக்கிப் போடாதீங்க, பிராத்ல (திரவ ஊடகம்) எம்ஐசி பாருங்க. 6 மில்லிமீட்டர் டிஸ்க்ல 8 மில்லிமீட்டர் வட்டம்னா பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் தான், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இவ்ளோ பேசுறேனே, எனக்கு ஃபெல்லோஷிப் ஒழுங்கா வந்துச்சான்னு கேளுங்க. மாசக்கணக்கா வராது, திடீர்னு மொத்தமா அரியர் வரும், அதுக்குள்ள மெஸ் பில்லும் காம்பவுண்டோட அமைப்பைப் பாக்கிற என்எம்ஆர் டெஸ்ட் சார்ஜும் கைக்காசுல போயிருக்கும். இதுல சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனா "இன்னும் படிச்சுட்டே இருக்கியாப்பா, சம்பளம் எவ்ளோ"ன்னு ஒரு மாமா. அந்த மாமாவுக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல.