பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசலாமா?

கேள்வி: பத்து வருடமாகத் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலில் போய் வருகிறேன். அதே பெட்டி, ஏறக்குறைய அதே முகங்கள். ஒருவரிடமும் பேசியதில்லை. பேச ஆசைதான். வலியப் போய்ப் பேசினால் என்ன நினைப்பார்களோ? (வாசகர், தாம்பரம்)

பதில்: இதே தயக்கம் எதிர் சீட்டுக்காரருக்கும் இருக்கிறது. தினமும் பார்த்தும் பேசாத இந்த உறவுக்கு 'பழகிய அந்நியர்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம். 1972-ல் இதைப் பற்றி எழுதினார். பிளாட்பாரத்தில் வருடக்கணக்கில் பேசாத இருவர் எங்கோ தொலைவான ஊரில் எதிர்ப்பட்டால், அங்கே பேசிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்பது அவர் சொன்ன ஒரு விஷயம். பிடிக்காததால் பேசாமல் இருப்பதில்லை. பேசாத நாட்கள் கூடக்கூட, அந்த மௌனத்தை உடைக்கக் காரணம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் சிகாகோ புறநகர் ரயில் பயணிகளை வைத்து ஆய்வாளர்கள் நிகோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் செய்த சோதனை 2014-ல் வெளியானது. ஒரு குழு பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டும், ஒரு குழு பேசக்கூடாது, மற்றொன்று எப்போதும்போல் போகலாம். பேசியவர்களுக்குத்தான் பயணம் அதிக இனிமையாக இருந்தது. ஆனால், எது இனிமையாக இருக்கும் என்று மற்றப் பயணிகளை ஊகிக்கச் சொன்னபோது, தனியாக இருப்பதே என்றார்கள். 'அவருக்குப் பேச விருப்பம் இருக்காது' என்று எல்லோரும் எல்லோரைப் பற்றியும் நினைத்துக்கொள்வதுதான் கோளாறு.

முதல் வாரம் பேச வேண்டாம். கண் பட்டால் லேசாகத் தலையசையுங்கள். பதிலுக்குத் தலை அசைந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, இருவர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றைப் பற்றி ஒரே வரி: "இன்னிக்கு வண்டி லேட்டு போல." கேள்வியாகக் கேட்காமல் இப்படிச் சொன்னால், விருப்பமில்லாதவர் 'ஆமாங்க' என்று முடித்துக்கொள்ளலாம், அவருக்கும் சங்கடமில்லை. காதில் இயர்போன், மடியில் பரீட்சைப் புத்தகம், தூக்கக் கண் என்றால் தொடவே வேண்டாம். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் தொடருங்கள். ஒற்றை வார்த்தை பதில் இரண்டு முறை வந்தால் நிறுத்திவிடுங்கள். பெயர் கேட்பதை நாலைந்து சந்திப்புக்குத் தள்ளிப்போடலாம். ஸ்டேஷன் வருவதற்கு முன்பே "வரேங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். முடியும் நேரம் தெரிந்த பேச்சு யாருக்கும் பாரமில்லை.

நம் ஊரில் பேச்சு கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. "சொந்த ஊர் எது?" என்று ஆரம்பித்து, "ஊர்ல எந்தத் தெரு?", "குலதெய்வம் எங்கே?" என்று போகும். கேட்பவர் சாதாரணமாகக் கேட்கலாம். எதிரில் இருப்பவருக்கு அது சாதியைத் தோண்டுவதாகத்தான் படும், பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஊர்ப் பெயரோடு நின்றுவிடுங்கள். அந்த ஊரில் மழை எப்படி, என்ன பலகாரம் விசேஷம் என்று திருப்புங்கள். சம்பளம், கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை ஏன் இல்லை, இவையும் வேண்டாம். நல்லவர்கள்கூட இந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் போனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி: 'முகநக நட்பது நட்பன்று' என்கிறார் வள்ளுவர். வெறும் சிரிப்பும் இரண்டு வார்த்தையும் போலிதானே? (வாசகர், மதுரை)

பதில்: அந்தக் குறள் 'நட்பு' அதிகாரத்தில் வருவது. நட்பு என்று சொல்லிக்கொள்வதற்குத்தான் அந்த அளவுகோல். ரயில் சிநேகம் தன்னை நட்பு என்று சொல்லிக்கொள்வதில்லை. இதற்கான குறள் 'இனியவை கூறல்' அதிகாரத்தில் இருக்கிறது. முகமலர்ந்து பார்த்து, மனதிலிருந்து இனிய சொல் சொல்வதையே அங்கே அவர் அறம் என்கிறார். நெரிசலான மாநகரப் பேருந்தில், பின்னால் உட்கார்ந்திருக்கும் கண்டக்டருக்கு முன்னாலிருந்து ஐம்பது ரூபாய் நோட்டு ஏழெட்டுக் கை மாறிப் போகிறது. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வருகின்றன. அந்தக் கைகளில் ஒன்றின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. இதைப் போலி என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: பெண்கள் சிரித்துப் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்கிறார்களே? (வாசகி, கோவை)

பதில்: நியாயமான பயம். யாரிடம் பேசுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்: பக்கத்து சீட்டுப் பெண்மணி, பூக்காரம்மா, மகளிர் பெட்டியில் தினம் வருபவர்கள். நாலு பேர் இருக்கும் இடமாக இருக்கட்டும். எத்தனை நாள் பழகினாலும், வேலை செய்யும் இடம், வீடு திரும்பும் நேரம், இறங்கியபின் நடந்து போகும் வழி, போன் நம்பர், இவை நான்கும் பேச்சில் வரவேண்டியதில்லை. நம்பர் கேட்டால் "யாருக்கும் கொடுக்கறதில்லைங்க" என்றால் போதும். காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். பேச்சு வழுக்குவது தெரிந்தால், மரியாதைக்காகச் சிரிக்கிற சிரிப்பை முதலில் நிறுத்துங்கள். பிறகு இடம் மாறுங்கள், கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். போனில் உதவி கேட்க, ரயிலில் 139, மற்ற இடங்களில் 181 அல்லது 112.

கேள்வி: அம்மா போனபின், 72 வயது அப்பாவைக் கும்பகோணத்திலிருந்து சென்னை ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தோம். பகல் முழுக்கத் தனிமை. யாரையும் தெரியாது. என்ன செய்யலாம்? (வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: வீட்டுக்கே எல்லாம் வந்துவிடும் ஏற்பாட்டை முதலில் குறையுங்கள். வாரத்துக்கு மொத்தமாக ஆப்பில் காய்கறி வாங்காமல், அப்பா தினமும் கால் கிலோ, அரைக் கிலோ வாங்கி வரட்டும். கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலையோடு இரண்டு வார்த்தையும் சேர்ந்து கிடைக்கும். நேரம் முக்கியம். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை டீ மாஸ்டருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. அப்போது போய்ப் பேச்சுக் கொடுத்தால் 'மதிக்கவில்லை' என்று அப்பா மனம் நொந்துவிடும். டீக்கடைக்கு ஆறரை மணி, காய்கறிக் கடைக்குப் பதினொரு மணி நல்லது. ஒரே கடை, ஒரே நேரம். கடை மாற்றினால் கணக்கு முதலிலிருந்து. இரண்டு மூன்று வாரத்தில் ஒருநாள், கேட்காமலே சர்க்கரை குறைத்த டீ மேஜைக்கு வரும். அன்றிலிருந்து அவர் அந்தத் தெருக்காரர்.

கிளை நூலகத்தில் காலைப் பேப்பர் படிக்கலாம். அங்கே பேசக் கூடாது என்றாலும் முகங்கள் பழகும். பூங்காவில் பெஞ்சின் நடுவில் உட்கார வேண்டாம், ஓரத்தில் உட்காரச் சொல்லுங்கள். நடுவில் இருப்பவர் பக்கத்தில் யாரும் வந்து உட்காரமாட்டார்கள். கையில் பேப்பர் இருந்தால், "நடுப்பக்கம் கொஞ்சம் தரீங்களா?" என்று யாராவது கேட்பார்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெயிலில், வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். தனியாக இருந்த முதியவர்கள் பலர். சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் அடுத்தடுத்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டுமே ஏழைப் பகுதிகள். கடைகள் மூடிக் கிடந்து, தெரு வெறிச்சோடியிருந்த வடக்கு லான்டேலில் சாவு பல மடங்கு அதிகம். கடையும் ஜனநடமாட்டமுமாக இருந்த தெற்கு லான்டேலில், முதியவர்கள் வெளியே வந்து போக முடிந்தது.

அதனால் உங்கள் செல் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி டீக்கடை, மருந்துக்கடை, வாட்ச்மேன் மூவரிடமும் கொடுங்கள். "அப்பா ரெண்டு நாள் வரலைன்னா ஒரு போன் போடுங்கண்ணே" என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். அப்பா கும்பகோணம் போகும்போது அவர்களிடம் சொல்லிவிட்டுப் போகட்டும், இல்லாவிட்டால் தேடுவார்கள்.