வாசகர் கேள்வி: வாலையும் பீப்பாயும்

கேள்வி: சாராயம் வடிக்கும்போது முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் என்ற நச்சு போய்விடும், மிச்சத்தைப் பயமில்லாமல் குடிக்கலாம் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?

பதில்: தவறு. உங்கள் நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கிறது, குடிக்கும் ஆல்கஹாலான எத்தனால் 78.3 டிகிரியில். இதை வைத்துத்தான் மெத்தனால் முழுக்க முதலிலேயே வந்துவிடும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். வாலைக்குள், அதாவது சாராயம் வடிக்கும் கலத்துக்குள், இருப்பதோ பெரும்பகுதி தண்ணீர். அதோடு கலந்து கிடக்கும் மெத்தனால் முதலிலும் வரும், நடுவிலும் வரும், கடைசியிலும் வரும். முதல் வடிப்பை ஒதுக்குவதற்குக் காரணம் வேறு. அசிட்டால்டிஹைடும் எத்தில் அசிட்டேட்டும் அதில்தான் மிகுதி. நகப்பூச்சு நீக்கியின் நெடி மூக்கில் ஏறும்.

தானிய ஊறலில் மெத்தனால் மிகக் குறைவு. பழத்தில் பெக்டின் இருப்பதால் சற்றுக் கூடும். கூட்டம் கூட்டமாக உயிர் போகும் விபத்துகளில் பெரும்பாலும் நடப்பது, ஆலைப் பயன்பாட்டு மெத்தனாலை யாரோ சாராயத்தில் கலப்பதுதான். குடித்துப் பார்த்தோ மோந்து பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். குடித்தவருக்குக் கண் மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நச்சுமுறிவு மருந்து இருக்கிறது, நேரம்தான் இருக்காது.

கேள்வி: விஸ்கிக்கு அந்த நிறமும் மணமும் எங்கிருந்து வருகின்றன? பார்லியிலிருந்தா?

பதில்: நிறம் மரத்திலிருந்து. கேரமல் சேர்ப்பவர்களும் உண்டு. வாலையிலிருந்து இறங்கும்போது அது தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். வாலைக் கூடத்திலேயே வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பார்லியை ஊறவைத்து முளைகட்டுவது நொதிகளை எழுப்பத்தான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குபவை அவைதான். முளை நீளும் முன் சூளையில் உலர்த்தி, அரைத்து, சுமார் 64 டிகிரி வெந்நீரில் கலக்கினால் இனிப்பான சாறு கிடைக்கும். அதில் ஈஸ்ட் சேர்த்தால் இரண்டு மூன்று நாளில் சுமார் 8 சதவீத ஆல்கஹால். ஆல்கஹால் பிறப்பது இந்தத் தொட்டியில்தான். வாலை அதைப் பிரித்தெடுக்கிறது, அவ்வளவே.

மால்ட் விஸ்கியைச் செம்பு வாலையில் வழக்கமாக இரண்டு முறை வடிப்பார்கள். துர்நாற்றம் தரும் கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வடிப்பில்தான் வடிப்பவரின் கைத்திறன் தெரியும். முதலில் வருவதில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பார்ப்போம். போன வடிப்பின் கடைசியில் வாலைக்குள் ஒட்டிக்கொண்ட எண்ணெய்ப் பசையை இது கழுவிக்கொண்டு வருவதால், பால்போலக் கலங்கும். தண்ணீர் விட்டும் கலங்காமல் தெளிந்து நிற்கும் கணத்தில் குழாயைத் திருப்பினால், அங்கிருந்து நடுவடிப்பு, பீப்பாய்க்குப் போகும் பகுதி. போகப் போக வீரியம் இறங்கி ஈர அட்டை வாடை தலைகாட்டும். அதற்குமுன் மறுபடி திருப்பிவிட வேண்டும். ஒதுக்கிய முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் அடுத்த வடிப்பில் சேர்த்துவிடுவோம். நல்ல சரக்கா மட்டமான சரக்கா என்பதை இந்த இரண்டு திருப்பங்களே முடிவுசெய்கின்றன. விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

பிறகு ஓக் பீப்பாய். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் 63.5 சதவீத வீரியத்தில் நிரப்புவார்கள். குறைந்தது 3 ஆண்டு ஊறினால்தான் ஸ்காட்ச் என்று விற்கலாம். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்கு உட்புறம் கருக்கிய புதுப் பீப்பாய் கட்டாயம். அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலா மணம் பிறக்கிறது. ஸ்காட்லாந்தின் குளிரிலேயே ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடும். வெப்பமான ஊர்களில் இழப்பு இன்னும் அதிகம்.

கேள்வி: வீட்டில் 12 ஆண்டு விஸ்கி பாட்டில் ஒன்று பிரிக்காமல் 10 ஆண்டாக இருக்கிறது. இப்போது அது 22 ஆண்டு விஸ்கியா?

பதில்: இல்லை, 12 ஆண்டுதான். மரத்தைவிட்டு வந்த அன்றே வயது நின்றுவிட்டது. நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் வீரியம் கார்க்கை அரித்துவிடும்.