வைஃபை சாமான் வாங்குமுன்: வீட்டுக்கும் மண்டபத்துக்கும் கேள்வி பதில்

கொழும்பிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். விலை எதுவும் எழுதவில்லை. டொலர் ஏறி இறங்க அதுவும் மாறும்.

வெள்ளவத்தை: அண்ணா, மூன்று அறைத் தொடர்மாடி வீடு. பைபர் பெட்டி ஹோலில் இருக்குது. கடைசி அறையில் சிக்னல் ஒரு கோடுதான். ஆறு அன்டனா உள்ள ரவுட்டர் ஒன்று யூனிட்டி பிளாசாவில் பார்த்தேன். வாங்கவா?

இப்போதைக்கு வேண்டாம். ரவுட்டர் எவ்வளவு பலமாக அனுப்பினாலும், உங்கள் போன் திருப்பி அனுப்பும் பலம் அதனால் கூடிவிடாது. கோடு நாலு காட்டும், படம் ஓடாது. அன்டனா எண்ணிக்கையைப் பார்த்து வாங்குபவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

முதலில் அளந்து பாருங்கள். அன்ட்ராய்ட் போனில் வைஃபை அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாக நில்லுங்கள். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அலகு, பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் வீடியோ அழைப்பு தடையில்லாமல் ஓடும். மைனஸ் 75 என்றால் விட்டு விட்டு வரும். மைனஸ் 80க்குக் கீழே போனால் அந்த அறையில் வைஃபை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்மாடிகளில் பெரும்பாலும் லிஃப்ட் குழிச் சுவரோ கம்பி போட்ட கொங்கிரீட் சுவரோதான் தடை. அதன் பின்னால் இருக்கும் அறைக்கு எந்த ரவுட்டரும் ஒழுங்காக எட்டாது.

மலிவான வழி: பைபர் பெட்டியிலிருந்து நடைவழிவரை ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை அங்கே அக்சஸ் பொயின்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாக வையுங்கள். அதற்கு முதலில் பழையதன் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்துங்கள். அதன் முகவரியை 192.168.1.2 போல, முதல் ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றுங்கள். கேபிளை வான் (இன்டர்நெட் உள்ளே வரும்) துளையில் செருகாமல் லான் (வீட்டுச் சாதனங்களுக்கான) துளையில் செருகுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சனல் (ரேடியோ அலைவரிசை எண்) மட்டும் வேறாக. டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் சில போன்களுக்கு இன்டர்நெட் வரும், சிலவற்றுக்கு வராது. யாருக்கும் காரணம் பிடிபடாது.

கொட்டாஞ்சேனை: ஏஎக்ஸ்1800, ஏஎக்ஸ்3000 என்று பெட்டியில் போட்டிருக்கே, பெரிய எண்ணை எடுத்தால் நல்லதுதானே?

அது கூட்டுத்தொகை. ஏஎக்ஸ்1800 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 1201 மெகாபிட். ஏஎக்ஸ்3000 என்பது 574, 2402. போன் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் (2.4 அல்லது 5) இருக்கும், ஆகவே கூட்டிய எண்ணை அது காணவே காணாது. அந்த 2402 கூட 160 மெகாஹெர்ட்ஸ் அகலமான சனலில் மட்டும் கிடைப்பது. பெரும்பாலான போன்களுக்கு 80தான் முடியும். அவற்றுக்கு இரண்டு ரவுட்டரும் ஒன்றே: இணைப்பு 1201 என்று காட்டும், கையில் கிடைப்பது அதில் பாதி, கூடினால் மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் பைபர் பக்கேஜ் 100 மெகாபிட் என்றால் இந்தக் கணக்கே தேவையில்லை.

பெட்டியில் தேட வேண்டியது வேறு. துளைகள் கிகாபிட்டா என்று பாருங்கள். ஏஎக்ஸ் என்று பெரிதாக அச்சடித்துவிட்டு 100 மெகாபிட் துளை வைத்த மலிவு மாதிரிகளும் விற்பனையில் உண்டு. அடுத்தது, அந்தக் கம்பனி பழைய மாதிரிகளுக்கு இன்னும் மென்பொருள் புதுப்பிப்புத் தருகிறதா என்பது. வைஃபை 7 சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் பெரிய எண்கள் 6 கிகாஹெர்ட்ஸில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை வைத்துச் சொல்லப்படுபவை. 6 கிகாஹெர்ட்ஸே இல்லாத 'வைஃபை 7' ரவுட்டர்களும் விற்கப்படுகின்றன. வீட்டுக்கு இன்று ஏஎக்ஸ் என்று போட்டிருக்கும் வைஃபை 6 தாராளம்.

தெஹிவளை: இரண்டு மாடி வீடு. மேலே மெஷ் ஒன்று வைத்தேன். கோடு நிறைய, வேகம் பாதி. சாமான் பழுதோ?

பழுதில்லை. மெஷ் என்பது முதல் ரவுட்டரிடமிருந்து வைஃபையிலேயே வாங்கித் திருப்பிக் கொடுக்கும் பெட்டி. இரண்டு பட்டை மட்டும் உள்ள மெஷ், கீழிருந்து வாங்குவதையும் உங்கள் போனுக்குக் கொடுப்பதையும் ஒரே ரேடியோவில் செய்கிறது. ஒன்று நடக்கும்போது மற்றது காத்திருக்கும். அதனால்தான் பாதி. இரண்டாவது மெஷ்ஷை முதலாவதன் பின்னால் தொடுத்தால் இன்னும் குறையும்.

சிக்னல் இல்லாத அறைக்குள் மெஷ்ஷை வைப்பது எல்லாரும் செய்யும் பிழை. அதற்கே மைனஸ் 65 அளவு சிக்னல் கிடைக்கும் இடத்தில், அதாவது படிக்கட்டின் மேல் முனையில் வையுங்கள். படிக்கட்டுத் திறப்பு வழியாக வருவது தட்டு வழியாக வருவதைவிட எப்போதும் மேல். கேபிள் ஒன்றை மேலே கொண்டுபோக முடிந்தால் இந்தப் பிரச்சினை முழுதாக ஒழியும், ஏனென்றால் அதே மெஷ் கேபிள் வழியாகவும் பேசும்.

நம் ஊர் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: வெக்கைக்காகக் கூரைக்கடியில் அடிக்கும் வெள்ளித்தாள். அது உலோகம், ரேடியோ அதைத் தாண்டாது. கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் அக்சஸ் பொயின்ட்டை ஒளித்து வைக்காதீர்கள். தாள் சிக்னலைத் தடுக்கும், அந்தச் சூடு சாமானையும் கொல்லும்.

மருதானை: நாநா, கேட் 6 கேபிள் பெட்டி ஒன்று மற்றதைவிட பாதி விலைக்குக் கிடைக்குது. அதே 305 மீட்டர்தான். என்ன வித்தியாசம்?

கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். பெட்டியைத் தூக்கினாலும் தெரியும், பாரமே இருக்காது. இரண்டு மூன்று தரம் வளைத்தால் கம்பி முறியும். நீளமாக இழுத்தால் கிகாபிட் 100ஆக விழும். பிஓஇயில், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் அனுப்பினால் கேபிள் சூடாகும், மறுமுனையில் வோல்ட் குறைந்து அக்சஸ் பொயின்ட் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். பழியை அக்சஸ் பொயின்ட்டில் போட்டு மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். சுத்தச் செம்பு வாங்குங்கள். காசு போதாவிட்டால் சுத்தச் செம்பு கேட் 5இ போதும். கிகாபிட் 100 மீட்டர்வரை அதில் ஓடும்.

கிருலப்பனை: கரண்ட் போனால் ரவுட்டர் ஓட மினி யூபிஎஸ். 8800 மில்லிஅம்பியர் என்று போட்டிருக்கு. எத்தனை மணித்தியாலம்?

அந்த 8800 உள்ளிருக்கும் பற்றரியின் 3.7 வோல்ட்டில் சொன்னது, 12 வோல்ட்டில் இல்லை. 8.8ஐ 3.7ஆல் பெருக்கினால் சுமார் 32 வோட்மணி. 12 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் வீணாகும், 27 மிஞ்சும் என்று வையுங்கள். பைபர் பெட்டி 5 வோட், ரவுட்டர் 7 வோட் என்றால் இரண்டே கால் மணித்தியாலம். வாங்குமுன் உங்கள் அடப்டரில் எழுதிய வோல்ட்டையும் அம்பியரையும் பாருங்கள். 12 வோல்ட் 2 அம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 1 அம்பியர் யூபிஎஸ் போட்டால், ஆட்கள் கூடும் நேரத்தில் அது தானாக அணையும். பைபர் பெட்டியையும் சேர்த்து ஓட்ட மறக்காதீர்கள்.

பம்பலப்பிட்டி: தம்பி, அமெரிக்காவில இருந்து மகன் ரவுட்டர் கொண்டு வாறார். இங்க பாவிக்கலாமா?

ஐயா, அடப்டரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 என்று மட்டும் இருந்தால் செருகவே வேண்டாம். அங்குள்ள இன்டர்நெட் கம்பனி கொடுத்த பெட்டி என்றால் பெரும்பாலும் இங்கே உதவாது. இலங்கையில் வானொலிச் சாதனங்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இங்கேயே வாங்கினால் அந்தத் தொல்லையும் இல்லை, உத்தரவாதமும் கையில் இருக்கும்.

கொள்ளுப்பிட்டி: நாற்பது இருக்கை சாப்பாட்டுக் கடை. வருபவர்களுக்கு வைஃபை கொடுக்கவேண்டும்.

சீலிங்கில் ஒரு அக்சஸ் பொயின்ட் போதும். சமையலறைப் பக்கம் வேண்டாம், மைக்ரோவேவ் 2.4 கிகாஹெர்ட்ஸைக் குழப்பும். முக்கியமானது பிரித்து வைப்பது: காட் மெஷினும் பில் கொம்பியூட்டரும் ஒரு விலானில் (ஒரே சாமானுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்), கமரா இன்னொன்றில், வாடிக்கையாளர் மூன்றாவதில். வாடிக்கையாளர் பக்கத்தில் ஒருவர் மற்றவரின் போனைப் பார்க்க முடியாதபடி கிளையன்ட் ஐசொலேஷனைப் போடுங்கள். ஆளுக்கு 5 மெகாபிட் எல்லை.

பொறளை: கல்யாணமும் மாநாடும் நடக்கும் மண்டபம், 800 பேர் கொள்ளும். நாலு நல்ல ரவுட்டர் நாலு மூலையில் வைத்திருக்கிறோம். ஆள் சேர்ந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. இன்டர்நெட் வேகம் போதாதா?

வேகத்துக்கு முன் காற்றைப் பாருங்கள். ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேசலாம், மற்றவை காத்திருக்கும். மூலைக்கொன்றாக முழுப் பலத்தில் வைத்த நாலு ரவுட்டரும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு மாறி மாறி நிற்கின்றன. வீட்டுக்குச் சரியான அமைப்பு மண்டபத்தில் அப்படியே தலைகீழாகும்.

800 பேரில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் இணைவார்கள் என்று வையுங்கள், 400 சாதனம். ஒரு ரேடியோவுக்கு 50 என்றால் எட்டு அக்சஸ் பொயின்ட். மேடைக்கும் வரவேற்புப் பகுதிக்கும் சேர்த்துப் பத்து. எல்லாருமே போனில் விடை அனுப்பும் மாநாடென்றால் பாதி என்ற கணக்கு செல்லாது.

சனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை நாலு, 149 முதல் 161 வரை நாலு, ஆக எட்டு கிடைக்கும். மீதிக்கு 52 முதல் 64 வரையுள்ளவற்றை எடுக்கலாம். அவை ராடாரோடு பகிரும் சனல்கள். ராடார் சிக்னல் பட்டால் சாதனம் சனலை விட்டு நகர்ந்துவிடும், ஆகவே மேடைப் பக்கத்துக்கு அவற்றைக் கொடுக்காதீர்கள். 2.4இல் மோதாத சனல் 1, 6, 11 என்ற மூன்றுதான். மூன்று அக்சஸ் பொயின்ட்டில் மட்டும் அதை விட்டு, மற்ற ஏழில் அணையுங்கள்.

அடுத்தது பலம். 5 கிகாஹெர்ட்ஸில் அனுப்பும் பலத்தை 12 முதல் 15 டிபிஎம் என்ற அளவுக்குக் குறையுங்கள். குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட் ஆக்குங்கள். 1 மெகாபிட் போன்ற பழைய வேகங்களை விட்டுவைத்தால், தூரத்தில் நிற்கும் ஒரு போன் எல்லாருடைய நேரத்தையும் தின்னும். வைஃபை பெயர்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பெயரும், யாரும் பாவிக்காவிட்டாலும், நொடிக்குப் பத்துத் தடவை தன்னை அறிவித்துக்கொண்டிருக்கும்.

மனித உடம்பு நீர் நிறைந்தது, சிக்னலைக் குடிக்கும். வெறும் மண்டபத்தில் சோதித்துத் திருப்திப்படாதீர்கள். தலைக்கு மேலிருந்து பார்ப்பதுபோல் சீலிங்கில் பொருத்துங்கள். சீலிங் 8 மீட்டருக்கு மேல் என்றால் சாதாரண வட்ட அன்டனா மண்டபம் முழுவதற்கும் பரவிவிடும், குறுகிய கோணத் திசை அன்டனா உள்ள மாதிரியே வேண்டும்.

இனி, பழி வைஃபை மேல் விழும், ஆனால் வைஃபையோடு சம்பந்தமில்லாத ஒரு காரணம்: முகவரி தீர்ந்துபோவது. வழக்கமான /24 அளவு நெட்வொர்க்கில் சாதனங்களுக்கு 254 முகவரிதான். இன்றைய போன்கள் தங்கள் அடையாள எண்ணான எம்ஏசி முகவரியை மாற்றிக் காட்டுவதால் ஒரே போன் இரண்டு மூன்று முகவரி எடுக்கவும் கூடும். /22 போட்டால் 1022 கிடைக்கும். லீஸ் நேரத்தை, அதாவது ஒரு போனுக்குக் கொடுத்த முகவரியை அதற்கென வைத்திருக்கும் நேரத்தை, 24 மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலமாக்குங்கள். காலையில் மாநாடு, மாலையில் கல்யாணம் என்ற நாளில் மாலை விருந்தினர்களுக்கு இன்டர்நெட் வராதது பெரும்பாலும் இதனால்தான்.

பிஓஇ சுவிட்ச் (கேபிள்களை இணைத்து அவற்றிலேயே கரண்டும் கொடுக்கும் பெட்டி) வாங்கும்போது துளை எண்ணிக்கையோடு மொத்த வோட்டையும் பாருங்கள். பத்து அக்சஸ் பொயின்ட், ஒன்றுக்கு 15 வோட் என்றாலே 150. 802.3ஏடி என்ற பிஓஇ தரத்தில் 190 வோட்டுக்குக் குறையாத சுவிட்ச் எடுங்கள். 24 வோல்ட் பாசிவ் என்று எழுதிய பழைய இன்ஜெக்டரை (கேபிளில் கரண்ட் ஏற்றும் சிறு பெட்டி) இதோடு கலக்கவேண்டாம், கண்டபடி கரண்ட் தள்ளும். கடைசியில்தான் இன்டர்நெட்: 400 சாதனத்துக்கு ஆளுக்கு 1 மெகாபிட் என்று 400. நேரலை அனுப்பும் மேசைக்கு வைஃபையே வேண்டாம், தனிக் கேபிள் கொடுங்கள்.

கல்கிசை: கடலோர ஹோட்டல். தோட்டத்தில் வைத்த அக்சஸ் பொயின்ட்கள் இரண்டு வருடம் தாங்குவதில்லை. இடி மின்னலிலும் போகுது.

உப்புக் காற்று முதலில் தின்பது ஆணியையும் கேபிள் முனையையும். தூசியும் நீரும் புகாத ஐபி67 தரச் சாமான், 316 தரத் துருப்பிடிக்காத இரும்பு ஆணி, முனைகளுக்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் போடுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வெளிக் கேபிள் கறுப்பு உறை உள்ளதாக இருக்கட்டும், சாம்பல் உறை வெயிலில் வெடிக்கும்.

மின்னல் நேரடியாக விழத் தேவையில்லை, பக்கத்தில் விழுந்தாலே நீளமான செம்புக் கேபிளில் பாயும். இரண்டு கட்டடத்துக்கு இடையில் செம்பு இழுக்காமல் பைபர் இழுங்கள், இரு முனையிலும் மீடியா கன்வேர்ட்டர் (பைபரையும் செம்பையும் இணைக்கும் பெட்டி) வையுங்கள். தோட்டக் கம்பத்துக்குப் போகும் கேபிளுக்கு சுவிட்ச் பக்கத்தில், பாயும் மிகை மின்னைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டர், அதற்குக் கட்டடத்தின் எர்த். எர்த் கொடுக்காத புரொடெக்டர் வெறும் அலங்காரம். ஒக்டோபர், நவம்பர் இடிக்கு முன் எர்த்தை மின்காரரைக் கொண்டு அளந்துவிடுங்கள்.

வத்தளை: எந்தக் கம்பனி என்று ஒரு பெயர் சொல்லுங்களேன்.

வீட்டுக்கு டிபி-லிங்க், ஆசுஸ் இரண்டிலும் நல்ல மாதிரியும் உண்டு, மோசமானதும் உண்டு. மாதிரி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கடை, சிறு ஹோட்டல் என்றால் டிபி-லிங்க் ஓமாடா அல்லது யுபிகுவிட்டி யூனிஃபை. இவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளை உங்கள் சொந்தக் கொம்பியூட்டரில் ஓட்டினால் வருடக் கட்டணம் இல்லை. நெருக்கமான மண்டபத்துக்கு ரக்கஸ், அருபா. மெராக்கி வாங்குமுன் லைசன்ஸ் கணக்கைப் போடுங்கள், அது முடிந்தபின் புதுப்பிக்காவிட்டால் சாமான் வேலை செய்யாது. எதை எடுத்தாலும் அதே மாதிரியில் ஒன்று மேலதிகமாக வாங்கி அலுமாரியில் வையுங்கள். உத்தரவாதத்தில் மாற்று வரும்வரை கல்யாணம் காத்திருக்காது.