முருங்கையிலைப் பொடி மாத்திரைக்கு ஈடாகுமா?

கேள்வி: இரத்தசோகைக்காக மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது. முருங்கையிலைப் பொடியில் கீரைகளைவிடப் பல மடங்கு இரும்பு உண்டு என்கிறார்கள். மாத்திரையை விட்டுவிட்டு, தினமும் ஒரு தேக்கரண்டி பொடி சாப்பிடலாமா?

பதில்: தயவுசெய்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் கேள்விப்பட்ட 'பல மடங்கு' என்ற கணக்கு, பெரும்பாலும் 100 கிராம் உலர்ந்த பொடியை 100 கிராம் பச்சைக் கீரையோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. பச்சை முருங்கையிலையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது வற்றிப்போனதும் மிச்சமிருக்கும் சத்துகள் குறைந்த எடைக்குள் செறிந்துவிடுகின்றன. 100 கிராம் பொடியில் 25 முதல் 30 மில்லிகிராம் வரை இரும்பு இருப்பதாக வைத்துக்கொண்டாலும் (மண்ணையும் இலையின் முதிர்ச்சியையும் பொறுத்து இது வெகுவாக மாறும்), தேக்கரண்டியில் கொள்வது 2 அல்லது 3 கிராம்தான் என்பதால், உங்களுக்குக் கிடைப்பது 1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதிலும் தாவர இரும்பில் சிறு பகுதியையே குடல் உறிஞ்சிக்கொள்கிறது. மாதவிடாய் வரும் வயதுப் பெண்களின் அன்றாடத் தேவையோ குறைந்தது 18 மில்லிகிராம். இரத்தசோகை வந்தபின் இழந்ததையும் ஈடுகட்டியாக வேண்டும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாததை மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவுக்குப் பின் சாப்பிடுவது, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது, வேறு வகை இரும்புக்கு மாறுவது என அவரிடம் வழிகள் உண்டு. இரத்தம் ஏன் குறைந்தது என்ற காரணத்தையும் அவர்தான் கண்டறிய வேண்டும்.

இதனால் பொடி பயனற்றது என்று ஆகிவிடாது. அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம். வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினும் சுண்ணாம்புச்சத்தும் நிறைவாக உண்டு. அன்றாடச் சாப்பாட்டில் சேரும் நல்ல உணவாக அதை நான் மனமார வரவேற்கிறேன். மருந்தின் இடத்தில் அதை உட்கார வைப்பதுதான் தவறு. பச்சையிலையில் மிகுதியாக இருக்கும் வைட்டமின் சி உலர்த்தும்போது பெருமளவு அழிந்துவிடுவதால், பொடி சேர்த்த உணவில் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்வது இரும்பு உடலில் சேர உதவும். தேநீரும் காபியும் அதைத் தடுப்பவை. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

கேள்வி: வீட்டில் அரைக்கும் பொடி பழுப்பாகிவிடுகிறது. ஏன்?

பதில்: நேர்வெயிலில் காயவைத்திருப்பீர்கள். வெயில் பச்சை நிறத்தோடு பீட்டா கரோட்டினையும் சேர்த்தே அழித்துவிடும். இலைகளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஈரம் வடிந்ததும் காம்பிலிருந்து உருவி, காற்றோட்டமுள்ள நிழலில் சுத்தமான துணியின்மேல் ஒன்றன்மேல் ஒன்று படியாதபடி மெல்லப் பரப்புங்கள்; அவ்வப்போது புரட்டிவிடுங்கள். தடித்துக் கிடந்தால் அடியிலுள்ள இலை புழுங்கிக் கறுத்துவிடும். விரல்களுக்கிடையே கசக்கினால் மடங்காமல் சரசரவென்று நொறுங்க வேண்டும். துவண்டால் ஈரம் மிச்சமிருக்கிறது, அரைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். உலர்த்துவதால் கிருமிகள் அனைத்தும் சாவதில்லை. ஆகவே பொடியைக் கொதிக்கும் உணவில் கலந்து ஓரிரு நிமிடம் வேகவிடுவது, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பாதுகாப்பானது.

கேள்வி: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். பொடியும் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம், ஆனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். சுண்ணாம்பும் இரும்பும் தைராய்டு மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் நான்கு மணி நேர இடைவெளி தேவை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள், உறைவதற்கு உதவும் வைட்டமின் கே இலையில் இருப்பதை மனத்தில் வைத்தும், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து எடுப்பவர்கள் அளவுகள் மேலும் இறங்கக்கூடும் என்பதாலும், தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் முருங்கை வேரையும் பட்டையையும் அறவே தவிர்க்க வேண்டும்.