சாட் அறையில் ஆளைத் தள்ளிவிடும் புரோகிராம் எழுதியவர்கள் மேதைகளா?

கேள்வி இது: "90-களில் சாட் அறைகளில் மற்றவர்களைத் துண்டித்து விளையாட 'பண்டர்', 'நியூக்' என்று புரோகிராம் எழுதிய பையன்கள் உண்மையிலேயே மேதைகளா? நானும் அப்படித் தொடங்கினால் நல்ல புரோகிராமர் ஆகலாமா?"

ஏதோ ஒரு வீடியோ பார்த்த சூட்டில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கருப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும், தலையை மூடிய ஒருவன் தட்டிக்கொண்டே இருப்பான், அந்த வகை. எனக்கு இதில் சொந்தக் கடுப்பு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை வலையில் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு அரட்டை அறைக்கு, ஆப்பராக (காவலாளி மாதிரி) இருந்தவன் நான். அவர்கள் தள்ளிவிட்ட ஆட்களைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பதுதான் என் வேலை.

எழுதியவர்களில் சிலர் கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. அமெரிக்க இணையச் சேவையான ஏஓஎல்லின் பயனர்களைக் கலங்கடித்த 'ஏஓஹெல்' என்ற புரோகிராம் 90-களின் நடுவில் வந்தது, விஷுவல் பேசிக் என்ற புரோகிராம் மொழியில் எழுதியது. அதுவும் அதைப் பார்த்துப் பெருகிய குட்டி 'புரோகி'களும் ஏஓஎல் சர்வருக்குள் புகுந்தன என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பெரும்பாலானவை செய்தது, உங்கள் கணினியிலேயே திறந்திருக்கும் ஏஓஎல் ஜன்னலைத் தேடிப் பிடித்து, பெட்டியில் எழுத்தை நிரப்பி, 'அனுப்பு' பட்டனைத் தானே அழுத்துவது. மனிதன் ஒரு தடவை அழுத்தும் நேரத்தில் அது நூறு தடவை அழுத்தும், அவ்வளவுதான். பண்டர் என்பது எச்டிஎம்எல் குறிகளை மூட்டையாகக் கட்டி ஒரே செய்தியில் அனுப்புவது. வாங்குகிறவரின் மென்பொருள் அதைப் பிரித்துக் காட்ட முடியாமல் உறைந்துபோகும். போலிக் கணக்குத் தொடங்க, கிரெடிட் கார்டு எண்களின் சரிபார்ப்புக் கணக்குக்குப் பொருந்துகிற எண்ணை ஏஓஹெல்லே உருவாக்கித் தரும். 1995 கடைசியில்தான் ஏஓஎல் அந்த ஓட்டையை அடைத்தது. கடவுச்சொல்லை ஏமாற்றி வாங்கவும் ஏஓஹெல்லில் தனியாக ஒரு வசதி இருந்தது. நிறுவனத்திலிருந்து பேசுவதுபோல் புதியவர்களுக்குச் செய்தி போகும், அவர்களும் பயந்து கொடுத்துவிடுவார்கள். இதை வம்பு என்று சிரித்துவிட்டுப் போக என்னால் முடியாது, அது திருட்டு.

ஐஆர்சியில் கதை வேறு. அங்கே 'வெள்ளம்' விடுவார்கள். உங்கள் மென்பொருள் தானாகப் பதில் சொல்லும் சில விசாரிப்புகள் உண்டு, 'நீ எந்தப் பதிப்பு' என்பதுபோல. பல போலி ஆட்களை வைத்து அதையே சரமாரியாகக் கேட்டால், பாவம், உங்கள் மென்பொருள் மரியாதையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். இவன்தான் வெள்ளம் விடுகிறான் என்று சர்வர் உங்களையே வெட்டிவிடும். 1997-ல் வின்நியூக் வந்தது. விண்டோஸ் 95 கணினியின் 139-ஆம் போர்ட்டுக்கு (வலையிலிருந்து தகவல் நுழையும் ஒரு வாசல்) ஒரே ஒரு கோணல் தகவல் பாக்கெட், உடனே கணினி முடங்கி நீலத் திரை. ஓட்டையைக் கண்டுபிடித்தவனுக்குத் தலை வணங்கலாம். ஐபி முகவரியை ஒட்டிப் பட்டனை அழுத்தியவனுக்கு எதற்கு?

எங்கள் சேனலில் அப்படி ஒரு பட்டன் வீரர் இருந்தார். வருவார், இரண்டு பேரைத் தள்ளுவார், 'யாரிடம் வைத்துக்கொள்கிறாய்' என்பார். தடை போட்டால் வேறு முகவரியில் வருவார். ஒருநாள் அவரிடமிருந்து எனக்குத் தானாக ஒரு கோப்பு வந்து நின்றது. பெயர் ஸ்கிரிப்ட் டாட் ஐனி. ஐஆர்சிக்குள் போகப் பயன்படும் எம்ஐஆர்சி மென்பொருளின் பயனர்களிடையே 97 கடைசியில் பரவிய புழு அது. யார் சேனலுக்குள் வந்தாலும் தன்னைத் தானே அனுப்பிவைக்கும். ஏற்றுக்கொள்ளாமல் தனியாக எடுத்து நோட்பேடில் திறந்து வரிவரியாகப் படித்தேன். உள்ளே ஒரு ரகசியச் சொல். சேனலில் யாராவது அதைத் தட்டினால், புழு பிடித்தவர் தானே வெளியேறிவிடுவார்.

தட்டிப் பார்த்தேன். போய்விட்டார்.

'அப்போ நீயும் அதையேதானே செய்தாய்' என்று யாராவது வருவீர்கள். இல்லை ஐயா. நான் எதையும் அனுப்பவில்லை, யார் கணினியையும் தொடவில்லை, என் சேனலில் ஒரு சொல்லை எழுதினேன். திரும்பி வந்தவரிடம் கோப்பை எப்படி அழிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை என்பது வேறு விஷயம். யாரோ எழுதிய 'வார் ஸ்கிரிப்ட்'டை, அதாவது தாக்குவதற்கென்றே கட்டிய கட்டளைத் தொகுப்பை, இறக்கிக்கொண்டு ஊரை மிரட்டியவரின் சொந்தக் கதவு அத்தனை நாளும் திறந்தே கிடந்திருக்கிறது. அந்த ஸ்கிரிப்ட்டுகள் பலவற்றில் எழுதியவனே தான் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்திருப்பான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: போட், அதாவது சேனலில் ஓர் ஆளைப்போல் உட்கார்ந்து தானாக வேலை செய்யும் புரோகிராம், எழுதிப் பழகுங்கள். சேனல்களைப் பிடுங்கிக்கொள்ளும் கும்பல்களிடமிருந்து காக்க 1993-லேயே ராபி பாயின்டர் என்ற புரோகிராமர் 'எக்ட்ராப்' என்ற போட்டை எழுதினார். சர்வர் இணைப்பு அறுந்து மறுபடி சேரும் குழப்பத்தில் யார் நுழைந்தாலும் அது அசராது. அதை ஒழுங்காக அமைத்து ஓடவிட நான் கற்றுக்கொண்டதில் பாதிதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. ஏஓஹெல்லைப் பற்றி இன்றும் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள், எக்ட்ராப்பை யார் நினைக்கிறார்கள்?

அலுவலகத்திலும் இதே கூத்துதான். தானே உடைத்ததை நடுராத்திரி உட்கார்ந்து சரிசெய்தவனுக்குக் கைதட்டலும் பாராட்டு மடலும். உடையாமல் வைத்திருந்தவனிடம் 'உனக்கு இந்த வருஷம் என்ன வேலை இருந்தது' என்று கேட்பார்கள். சென்ற மதிப்பீட்டில் என்னிடமே கேட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

ஏஓஎல்லில் அறைகளைக் காவல் காத்த தன்னார்வலர்களாவது 1999-ல் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2010-ல் ஒன்றரைக் கோடி டாலருக்கு சமரசம் ஆனது. நாங்கள் யார்மேல் வழக்குப் போடுவது, ஐஆர்சிக்கு முதலாளியே கிடையாதே!