வருடத்துக்கு ஒருமுறை எங்காவது போய் ஒதுங்கி இருந்துவிட்டு வந்தால் போதாதா? தினமும் ஓய்வு என்பது அவ்வளவு அவசியமா?

போதாது. வருடம் முழுக்க ஓடிவிட்டு, மொத்தமாக ஓய்வெடுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ள உடம்பு விடுவதில்லை. நெதர்லாந்து ஊழியர்களை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக 23 நாள் விடுமுறையில் போனவர்கள். அவர்களுடைய உடல்நலமும் மனநிலையும் 8-வது நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டன. விடுமுறை வீண் என்று சொல்லவில்லை. நேற்று சாப்பிட்டது இன்றைய பசிக்கு உதவாது, அவ்வளவுதான்.

தினசரி ஓய்வு என்று நாம் எடுப்பதும் பல நாள் ஓய்வே இல்லை. சோபாவில் சாய்ந்திருப்போம், கையில் போன். நடுவில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'காலைல இதைக் கொஞ்சம் பாருங்க' என்று ஒரு வரி வந்து விழும். பதில் போடமாட்டோம். ஆனால் என்ன சொல்வது, யாரைக் கேட்பது என்று படுக்கும் வரை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனென்டாக் பல வருடமாக ஆராய்ந்துவருவது இதைத்தான். வேலை முடிந்தபின் மனதாலும் அதைவிட்டு விலக முடிகிறவர்களுக்குச் சோர்வு குறைவாக இருக்கிறது, தூக்கமும் நன்றாக வருகிறது.

எனக்குக் கைகொடுப்பது ஒரு துண்டுத் தாள். கணினியை மூடும் முன், எது பாதியில் நிற்கிறது, நாளை எதில் கை வைக்க வேண்டும் என்று எழுதிவிடுவேன். அரைகுறை வேலைதான் மனசை அரிக்கும். எழுதிவிட்டால் பாதி அடங்கிவிடும். அப்புறம் போனுக்கு வேறு அறை.

சரி, அப்படியென்றால் ஒதுங்கி இருப்பது எதற்கு? தினசரி ஓய்வு அன்றைய களைப்பைத்தான் போக்கும். இந்த ஓட்டமே தேவைதானா என்று யோசிக்க நீண்ட இடைவெளி வேண்டும். முதல் நாள் நன்றாகவே இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். பகலெல்லாம் கண்ணைச் சொக்கும். 2014-ல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு சோதனையில், 15 நிமிடம் தனியாகச் சும்மா உட்காரச் சொன்னதற்கு, 18 ஆண்களில் 12 பேர் தங்களுக்குத் தாங்களே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று அதற்கு முன் சொன்னவர்கள்தான்! எனவே முதல் நாளை வைத்து 'நமக்கு ஒத்துவராது' என்று மூட்டை கட்டாதீர்கள். மலையோ ஆசிரமமோ தேவையில்லை, யாரும் உங்களைத் தேடாத இடமாக இருந்தால் போதும். (போட்டோ எடுத்துப் போடத் திட்டமிட்டால் அதுவும் இன்னொரு வேலைதான்.)

கைக்குழந்தையையோ படுத்த படுக்கையாக இருப்பவரையோ கவனித்துக்கொள்பவர்களிடம் இதையெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர்களுக்கு வேண்டியது அறிவுரை அல்ல, மாற்றுக்கு ஓர் ஆள். 'ஏதாவது உதவி வேணுமா' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்றுதான் பதில் வரும். 'ஞாயிறு மதியம் முழுக்க நான் பார்த்துக்கிறேன், நீங்க கிளம்புங்க' என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. நன்றாகத் தூங்கியும் வாரக்கணக்கில் அசதி போகவில்லை என்றால் உடனே விடுமுறைக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். ரத்தசோகை, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு எல்லாம் இப்படியும் தலைகாட்டும். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.