யூரெயில் பாஸ் வாங்கலாமா?

கேள்வி: என் மகன் சுவீடனில் உள்ள லுண்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறான். அவனுக்கு வயது 24. வரும் ஜூன் மாதம் நானும் (58) என் கணவரும் (63) அவனைப் பார்க்கப் போகிறோம். கையில் 18 நாட்கள் இருக்கின்றன. அவனையும் அழைத்துக்கொண்டு டென்மார்க், சுவீடன், நார்வே, பின்லாந்து, எஸ்டோனியா, ஜெர்மனி ஆகிய ஆறு நாடுகளையும் ரயிலிலேயே சிக்கனமாகப் பார்த்துவிட ஆசை. யூரெயில் பாஸ் எடுத்துவிட்டால் எங்கும் ஏறி இறங்கலாம், செலவும் குறையும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா? கணவருக்கு முழங்கால் வலி உண்டு. நாங்கள் சைவம். – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: அன்புள்ள சகோதரி, பாஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் பட்டியலிலிருந்து மூன்று நாடுகளை எடுத்துவிட அனுமதி கேட்கிறேன். சுவீடன் மட்டுமே தெற்கு வடக்காக ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர் நீளமுள்ள நாடு. அங்கிருந்து பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் போக வேண்டுமானால் பால்டிக் கடலைக் கப்பலில் கடப்பதே நடைமுறை வழி. ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு ஓர் இரவு முழுதும் ஆகும். ஜெர்மனிக்கு கோபன்ஹேகனிலிருந்து ரயிலையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போன அழகான வழி ஒன்று இருந்தது. அது 2019 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதற்கு மாற்றான கடலடிச் சுரங்கம் திறக்கும்வரை டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பம் வழியாகச் சுற்றித்தான் ஜெர்மனியின் ஹாம்பர்க் போக வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்தால் 18 நாட்களில் பாதி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலேயே கழிந்துவிடும். வடக்கு ஐரோப்பாவில் பணம் கரைவது ரயில் கட்டணத்தைவிட அதிகமாக, அவசரத்தில் எடுத்த அறைகளிலும் நிலையத்து உணவகங்களிலும்தான்.

இனி பாஸ். உங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கும் ஒரே பாஸ் கிடையாது என்பதை உறவினர் கவனிக்கவில்லை போலும். யூரெயில் என்பது ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு. அது உங்கள் இருவருக்கும் பொருந்தும். உங்கள் மகன் சுவீடனில் வசிப்பதால், இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், அவருக்கு உரியது இன்டர்ரெயில். அதில் சொந்த நாட்டுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: வசிக்கும் நாட்டிலிருந்து வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். நான் கீழே சொல்லப்போகும் வழியில் பெரும்பகுதி சுவீடனுக்குள் இருப்பதால், மகனுக்குப் பாஸ் எடுப்பது வீண். உங்கள் கணவருக்கு யூரெயிலில் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான கழிவு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாஸ் கையில் இருந்தாலும் சுவீடனின் அதிவேக ரயில்களில் இருக்கைக்கும், இரவு ரயில்களில் படுக்கைக்கும் தனியாக முன்பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். பாஸ் லாபம் தருவது, நாளைக்கு எங்கே போவது என்று நாளைக்கு முடிவு செய்யும் இளைஞர்களுக்கு. தேதியை முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய உங்களைப் போன்றவர்களுக்கு, இந்த நாடுகளில் சீக்கிரம் வாங்கும் தனித்தனி டிக்கெட்டுகளே பெரும்பாலும் மலிவு.

அந்த மலிவு டிக்கெட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. விலை குறைந்த வகைகளை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது. ஆகவே ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) கைக்கு வருவதற்கு முன் அவற்றை வாங்காதீர்கள். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. என் திட்டப்படி சுவீடனில் 11 இரவுகள், நார்வேயில் 6 இரவுகள் வருவதால் சுவீடன் விசாவே சரி. மகனின் அழைப்புக் கடிதமும் அதற்கு ஒத்துப்போகும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. தனி விசா தேவையில்லை. விசா வந்த அன்றே சுவீடன் பகுதிக்கு அந்நாட்டு ரயில் நிறுவனமான எஸ்.ஜே.யின் தளத்திலும், நார்வே பகுதிக்கு எல்லா நிறுவனங்களின் ரயில்களையும் பேருந்துகளையும் ஒரே இடத்தில் காட்டும் என்டூர் தளத்திலும் உட்கார்ந்துவிடுங்கள். உங்கள் தேதிக்கு விற்பனை இன்னும் திறக்காத ரயில்களை, திறக்கும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். மகனுக்கு சுவீடனில் மாணவர் கழிவு உண்டு. கணவரின் வயதுக்கு இங்கே சலுகை இல்லை. நார்வேயில் மூத்தோர் கட்டணம் 67 வயதில்தான் தொடங்குகிறது.

விமானத்துக்கு ஸ்டாக்ஹோமைத் தேடாமல் கோபன்ஹேகனுக்கு டிக்கெட் எடுங்கள். விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம். 2000-ஆம் ஆண்டு திறந்த ஓரெசுண்ட் பாலத்தின் மேல் கடலைக் கடந்து, ரயில் மாறாமலே லுண்டில் இறங்கலாம். முதல் மூன்று இரவுகள் மகனின் ஊரில் தங்கி, ஒரு நாள் கோபன்ஹேகனுக்குப் போய் வந்தால் டென்மார்க்குக்கு அது போதும். இந்தக் குறுகிய பயணத்துக்கும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லையில் கேட்கக்கூடும். பிறகு ஸ்டாக்ஹோமில் மூன்று இரவுகள். அந்த நகரத்தைப் பற்றி உங்கள் மகனுக்கே அதிகம் தெரிந்திருக்கும்.

உங்கள் பயணத்தின் உயிர், ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கு நார்வேயின் துறைமுக ஊரான நார்விக் போகும் இரவு ரயிலில் இருக்கிறது. சுமார் 18, 19 மணி நேரப் பயணம். இருக்கை, ஆறு பேர் படுக்கும் கூபே, தனி அறை என்று மூன்று நிலைகள் உண்டு. கூபே நம் ஊர் மூன்றடுக்கு ஏ.சி. போலத்தான்; மேல் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும். ஆனால் படுக்கை அறைகளில் மூன்று படுக்கைகள் கொண்டவை உண்டு. ஓர் அறையை நீங்கள் மூவருமே எடுத்துக்கொண்டால், கீழ்ப் படுக்கை கணவருக்கு, கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம், ஸ்டாக்ஹோமில் ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம். ஜூன் மாதத்தில் இந்த அறைகள் வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதால், முதலில் வாங்க வேண்டிய டிக்கெட் இதுதான். மற்றத் தேதிகளையெல்லாம் இதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நார்விக் வரை ஒரே மூச்சில் போகாமல், சுவீடனின் வடக்கில் உள்ள அபிஸ்கோவில் இறங்கி இரண்டு இரவுகள் தங்குங்கள். தேசியப் பூங்காவின் வாசலிலேயே ரயில் நிற்கிறது. மலையேறாமலே, நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆறு பாறையைக் குடைந்து போகும் பள்ளத்தாக்கைப் பார்த்துவிடலாம் என்பதால் முழங்காலுக்கும் பாதகமில்லை. அந்த நாட்களில் சூரியன் மறையவே மறையாது. கண்ணை மூடிக்கட்டும் துணி ஒன்றை ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போங்கள். திரைச்சீலையை நம்ப வேண்டாம்.

அபிஸ்கோவிலிருந்து நார்விக் போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதலில் டோர்னேட்ரெஸ்க் ஏரி நெடுந்தூரம் கூடவே வரும். எல்லையைத் தாண்டியதும் ரயில் சுமார் 40 கிலோமீட்டருக்குள் மலையுச்சியிலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கும். கீழே செங்குத்தான சரிவுகளுக்கு நடுவே கடல்நீர் உள்ளே நுழைந்திருப்பது தெரியும். எதிரே வரும் சரக்கு ரயிலைப் பார்த்தால் பெட்டிகளை எண்ணச் சொல்லுங்கள்: நார்விக்கில் இரும்புத்தாதை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் 68 பெட்டிகள், முக்கால் கிலோமீட்டர் நீளம். இந்தப் பாதையே அந்தத் தாதுக்காகப் போட்டதுதான். சுவீடனின் லூலியோ துறைமுகம் குளிர்காலத்தில் உறைந்துவிடும், நார்விக் உறையாது. அதனால் 1903-இல் மலையைக் குடைந்து இங்கே கொண்டுவந்தார்கள். தாது ரயில் தடம்புரண்டு 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் வாரக்கணக்கில் பாதை மூடியிருந்தது. ஆகவே இந்தப் பகுதியில் அடுத்த இணைப்பை அன்றைய தினமே பிடிப்பது போல் திட்டம் போடாமல், நார்விக்கில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.

நார்விக் நார்வேயில் இருந்தாலும், அங்கிருந்து நார்வேயின் மற்ற ஊர்களுக்குத் தண்டவாளம் கிடையாது. வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போடுபவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. பேருந்தில் சுமார் 6 மணி நேரம், இடையே பேருந்தோடு படகில் ஏறி ஒரு கடல்நீர்ப் பகுதியையும் கடந்து, பூடோ போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்க வேண்டும். (பாஸ் எடுத்திருந்தாலும் இந்தப் பேருந்துக்குத் தனியாகத்தான் கட்டியிருப்பீர்கள்.) பூடோவிலிருந்து ட்ரோண்ட்ஹைமுக்கு 729 கிலோமீட்டர், ஏறத்தாழ 10 மணி நேரம். இரவு ரயிலும் உண்டு, ஆனால் அதன் அறைகள் இருவருக்கானவை. மூவராகப் போகும் உங்களுக்குப் பகல் ரயிலே வசதி, சால்ட்ஃபியெல் மலைமேட்டில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டுவதையும் பார்க்கலாம்.

எல்லோரும் உங்களிடம் நார்வேயின் ஃப்ளோம் மலை ரயிலைப் பற்றிச் சொல்வார்கள். 20 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்தக் கட்டணம் எனக்கு ஒப்பவில்லை; சுற்றுலாக் கப்பல் கூட்டம் வேறு. அதற்குப் பதிலாக, ட்ரோண்ட்ஹைமிலிருந்து ஓஸ்லோ போகும் வழியில் டோம்போஸில் மாறி, ஒண்டால்ஸ்னெஸ் வரை போகும் ரவ்மா பாதையில் செல்லுங்கள். 114 கிலோமீட்டர், 59 மீட்டர் உயரத்தில் ஆற்றைக் கடக்கும் கருங்கல் பாலம், அதற்குப் பிறகு செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் ட்ரோல்வெக்கன் பாறைச் சுவர், எல்லாம் சாதாரண டிக்கெட்டிலேயே அடக்கம். ட்ரோண்ட்ஹைமில் ஓர் இரவு, ஒண்டால்ஸ்னெஸில் ஓர் இரவு, ஓஸ்லோவில் இரண்டு இரவுகள், பிறகு கோத்தன்பர்க் வழியாக லுண்டுக்குத் திரும்பி மிச்சம் இரண்டு இரவுகள் மகனோடு. நார்வேயின் மேற்குக் கரை நகரமான பெர்கன் போக இதில் இடமில்லை. ஓஸ்லோ–பெர்கன் பாதை அழகானதுதான். ஆனால் அதைச் சேர்க்க வேண்டுமானால் அபிஸ்கோவை விட வேண்டியிருக்கும், நான் விடமாட்டேன். கோடையில் ஓஸ்லோவைச் சுற்றித் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவது வழக்கம் என்பதால், கடைசிப் பகுதியின் டிக்கெட்டை வாங்கும் முன் அதை மட்டும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தங்குவதற்கு, சமையலறை உள்ள ஹாஸ்டல்களில் மூவருக்கான தனியறை கேளுங்கள். படுக்கை விரிப்புக்குப் பல இடங்களில் தனிக்கட்டணம் என்பதால் மெல்லிய விரிப்பும் துண்டும் கொண்டு போவது நல்லது. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். சுவீடனில் வேலை நாட்களில் மதிய நேரத்தில் மட்டும் உணவகங்கள் தரும் அன்றைய சாப்பாட்டில் ரொட்டி, சாலட், காபி எல்லாம் சேர்ந்திருக்கும். சைவ வகையும் பெரும்பாலும் இருக்கும். வெளியே சாப்பிடுவதானால் அந்த வேளையில் சாப்பிடுங்கள், இரவுக்கு அறையிலேயே சமைத்துக்கொள்ளுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் கொண்டு போகலாம். நெய், பால்கோவா ஆகியவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு. மாம்பழமும் கறிவேப்பிலையும் அப்படித்தான். ஓஸ்லோவில் ஈழத்தமிழர் கடைகள் இருப்பதால், அங்கே கறிவேப்பிலைக்குக் குறை இருக்காது. பணத்தாளாக அதிகம் மாற்ற வேண்டாம். மூன்று நாடுகளுக்கும் மூன்று தனித்தனிக் குரோனா, சுவீடனில் பல கடைகள் நோட்டை வாங்குவதே இல்லை.

தேதியைப் பற்றி ஒன்று. சுவீடனில் ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமை நடுக்கோடைத் திருநாள். அந்த வார இறுதியில் நாடே கிராமங்களுக்குப் போய்விடும். கடைகள் மூடிக்கிடக்கும், முந்தின நாள் ரயில்கள் நிரம்பி வழியும். நார்வேயில் அது விடுமுறை இல்லை. ஜூன் 10-ஐ ஒட்டி கோபன்ஹேகனில் இறங்கினால், பெரும்பாலான ஆண்டுகளில் அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் நார்வேக்குள் இருப்பீர்கள். விமான டிக்கெட்டுக்கு விலை பார்க்கத் தொடங்கும்போதே நாட்காட்டியில் அந்த வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொண்டு, வரும் நாளை ஓரிரு நாள் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள்.